வளவுக்குள் வராத குரல்: பூஸ்டருடன் பதினான்கு மாதம், அதன் பிறகு வைஃபை அழைப்பு

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பிலிருந்து பின்கட்டுக் கதவு வரை டேப் பிடித்து அளந்தால் 148 அடி. ஐயா பர்மாவில் கொண்டுவிற்றுக்கொண்டிருந்த (வட்டித் தொழில் செய்த) காலத்தில் கட்டியது. சுவர் ஒன்றேமுக்கால் அடி கனம். செங்கலும் சுண்ணாம்பும், அதற்கு மேல் வெள்ளைக்கரு சேர்த்த பூச்சு. சித்திரை வெயிலிலும் வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கூடத்தில்) ஆத்தங்குடிக் கல் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். வெயிலை வெளியிலேயே நிறுத்தும் சுவர் செல்போன் சிக்னலையும் நிறுத்திவிடுகிறது.

ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) 83 வயது. சென்னையில் இருக்கும் எங்கள் ஆச்சி (அக்கா) தினமும் இரவு ஏழரை மணிக்குக் கூப்பிடுவார். அந்த நேரத்தில் ஆத்தா வளவை ஒட்டிய உள்ளறையில் படுத்திருப்பார். போனை எடுத்துக்கொண்டு முற்றத்துத் தூணுக்கு வந்தால்தான் பேச முடியும். மழைக்காலத்தில் நான்கு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் கொட்டும் முற்றத்தின் ஓரத்தில், ஈரக் கல்லில், அந்த வயதில் அவரை நிற்கவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. 2021 தீபாவளிக்கு முன்பு, செல்போன் சிக்னலைப் பெருக்கித் தரும் பூஸ்டர் ஒன்றை வாங்கினேன்.

அதற்கு முன் வீட்டில் நான் எடுத்த அளவு இது. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குப் போய், சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் எண் தெரியும். முற்றத்தில் மைனஸ் 98. உள்ளறையில் மைனஸ் 117. எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. இந்த ஏற்ற இறக்கத்தை டெசிபலில் அளப்பார்கள்; 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். ஆக முற்றத்திலிருந்து பத்தடி உள்ளே போவதற்குள் சிக்னல் கிட்டத்தட்ட எண்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. போனின் மேல்மூலையில் தெரியும் கோடுகள் இதைச் சொல்வதில்லை. அவற்றை ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் கணக்கில் வரைகிறது.

மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா, வளவில் ஒரு ஆன்டெனா, நடுவில் பெட்டி, இரண்டு பக்கமும் கேபிள். எலக்ட்ரீஷியன் தம்பி ஒரு நாளில் மாட்டிக் கொடுத்தார். உள்ளறையில் எண் மைனஸ் 79-க்கு வந்தது, கோடுகள் முழுசாக நின்றன. அன்று இரவு ஆத்தா கட்டிலில் சாய்ந்தபடியே பேசினார். எனக்கு அவ்வளவு நிம்மதி.

மூன்றாம் நாள் ஆச்சி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் பேசுவது ஆத்தாவுக்கு நன்றாகக் கேட்கிறது. ஆத்தா பேசுவதுதான் எனக்குப் பாதி பாதியாக வருகிறது. ஆத்தாவிடம் சொல்லாதே, வருத்தப்படுவார்கள்."

அன்று தொடங்கிய வேலை பதினான்கு மாதம் நடந்தது.

முதலில் கேபிள். கடைக்காரர் கொடுத்தது மெல்லிய ஆர்ஜி 58 வகை. மாடியிலிருந்து பெட்டி வரை 30 மீட்டர். 900 மெகாஹெர்ட்ஸில் இந்தக் கேபிள் மீட்டருக்கு அரை டெசிபல் அளவுக்கு விழுங்கும்; மொத்தம் 14, 15 டெசிபல். 1800-இல் அதைவிட அதிகம். மேலே பிடித்த சிக்னலில் முப்பதில் ஒரு பங்குதான் பெட்டிக்கே வந்துகொண்டிருந்தது. விரல் தடிமன் உள்ள குறை இழப்புக் கேபிளுக்கு மாற்றினேன். அதில் 30 மீட்டருக்கு 4 டெசிபல்தான் போகும். கொஞ்சம் தெளிந்தது, தீரவில்லை.

அடுத்தது முற்றம். இதைக் கண்டுபிடிக்க ஆறு வாரம் ஆயிற்று. உள்ளே இருக்கும் ஆன்டெனா விடும் சிக்னல் மாடி ஆன்டெனாவுக்குத் திரும்பப் போனால், பூஸ்டர் தன் சத்தத்தையே மறுபடி மறுபடி பெருக்கும். கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேராகப் பிடித்தால் 'கீ' என்று கத்துமே, அதே சங்கதிதான். இதைத் தடுக்க, பூஸ்டரின் பெருக்கத்தைவிட இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையிலான தடுப்பு 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஒன்றேமுக்கால் அடிச் சுவர் இருக்கும்போது தடுப்புக்கு என்ன பஞ்சம் என்று நினைத்திருந்தேன். ஆனால் நம் வீடுகளின் நடுவே வானம் திறந்திருக்கிறது. வளவில் தொங்கிய ஆன்டெனாவின் சிக்னல் முற்றம் வழியாக நேரே மேலே போய், மாடி விளிம்பில் நின்ற ஆன்டெனாவின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியில் அவ்வப்போது எரிந்த சிவப்பு விளக்குக்கு அதுதான் காரணம். மேல் ஆன்டெனாவைப் பின்கட்டின் மேல் கடைசி மூலைக்குத் தள்ளி, உள் ஆன்டெனாவை முற்றத்துக்கு முதுகு காட்டி உள்ளறைப் பக்கம் திருப்பினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. செட்டிநாட்டு வீடு வைத்திருப்பவர்கள் வைஃபை பெட்டியை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதும் இந்தத் திறந்த முற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இன்னொன்று கவனித்தேன். போன் அடிக்கடி 4ஜியை விட்டு 2ஜிக்கு இறங்கியது. எங்கள் பூஸ்டர் 900, 1800 ஆகிய இரண்டு அலைவரிசைகளை மட்டும் பெருக்கும். எங்கள் டவரின் 4ஜியில் ஒரு பகுதி 2300-இல் வருகிறது. அந்த அலைவரிசையில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடப்பதால் சாதாரண பூஸ்டரால் அதைக் கையாள முடியாது. 900-இல் இருந்த 2ஜிதான் வீட்டுக்குள் பலமாகிவிட்டது, போனும் அதைப் பிடித்துக்கொண்டது. 4ஜி வழியாகப் போகும் குரலில் 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை அடங்கும். பழைய முறையில் 300 முதல் 3400 வரைதான். ஆத்தாவின் குரல் மெல்லிய குரல். அந்தச் சின்னக் குழாய்க்குள் போனால் 'ச', 'ப' எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். போனின் நெட்வொர்க் தேர்வில் 2ஜியை விலக்கிப் பார்த்தேன். குரல் தெளிவானது, அழைப்பு துண்டிப்பு கூடியது.

ஐப்பசி மழையில் மாடிக் கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு. புதுக் கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றியதோடு அது தீர்ந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஆத்தாவின் குரல் போகும் பக்கம் சரியாகவில்லை. 2023 ஜனவரியில் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் மீன்முள் போன்ற ஒரு சிறிய ஆன்டெனா, தோளில் ஒரு கருவி. செல்போன் நிறுவனத்தின் பொறியாளர்கள். டவரை நோக்கிப் போகும் அலைவரிசையில் மாதக்கணக்கில் இரைச்சல் கூடியிருக்கிறது, தேடிக்கொண்டே வந்ததில் உங்கள் மாடியில் நிற்கிறோம் என்றார்கள். பூஸ்டரை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன். கருவியின் திரையில் மேடாக நின்ற கோடு அப்படியே படுத்துவிட்டது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

அவர்கள் விளக்கியது இதுதான். நல்ல பெட்டி, டவருக்கு எவ்வளவு பலம் போதுமோ அவ்வளவுக்குத் தன்னைக் குறைத்துக்கொள்ளும். மலிவான பெட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. யாரும் பேசாத நேரத்திலும் முழு வேகத்தில் இரைச்சலை டவருக்கு அனுப்பும். டவரின் காதில் அந்த இரைச்சல் இருக்கும்வரை தொலைவில் இருக்கிறவர்களின் மெல்லிய சிக்னல் அதற்குக் கேட்காது. ஆத்தாவின் குரல் உடைந்ததில் பாதி எங்கள் பெட்டி போட்ட இரைச்சலால்தான். எதிர்வீட்டு ஆச்சி தன் போன் பழுது என்று நினைத்து இரண்டு தடவை காரைக்குடிக் கடைக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்திருந்தார். அதைக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. அன்று மாலையே போய் நடந்ததைச் சொன்னேன். "உங்கள் ஆத்தாவுக்காகத்தானே செய்தாய்" என்று காபி கொடுத்து அனுப்பினார்.

சட்டத்தையும் அவர்கள்தான் சொன்னார்கள். அப்போது நடப்பில் இருந்த 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஆகியவற்றின்படி, உரிமம் பெற்ற சேவை நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் பூஸ்டரை விற்கவோ வைத்திருக்கவோ பயன்படுத்தவோ கூடாது. 2022-இல் தொலைத்தொடர்புத் துறை இதைப் பொதுமக்களுக்கு அறிவுரையாகவே வெளியிட்டிருக்கிறது. கடையில் பகிரங்கமாக விற்றார்கள், ரசீதும் கொடுத்தார்கள். தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டியைக் கழற்றி அவர்களிடமே கொடுத்துவிட்டேன். கேபிள், கனெக்டர், கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய் போயிற்று. இப்போது யாராவது வாங்கலாமா என்று என்னிடம் கேட்டால், வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பெருக்கி வைப்பதென்றால் அவர்கள்தான் வைக்க வேண்டும்.

போகும்போது அந்தப் பொறியாளர்களில் ஒருவர் கேட்டார்: "வீட்டில் இன்டர்நெட் இருக்கிறதே, வைஃபை அழைப்பைப் போட்டுப் பார்த்தீர்களா?" 2019 டிசம்பரிலேயே இந்தியாவில் வந்துவிட்ட வசதி. சாதாரண எண்ணில் சாதாரணமாகக் கூப்பிடுவதுதான்; குரல் மட்டும் டவருக்குப் பதிலாக வீட்டு இன்டர்நெட் வழியே போகும். ஆத்தா புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும்.

ஆனால் ரவுட்டர் முகப்பில் இருந்தது. சுவர் வைஃபையையும் விடாது. கம்பியில்லாமல் நீட்டிக்கும் பெட்டி ஒன்றை வாங்கி வளவில் வைத்துப் பார்த்தேன். அதற்கே முகப்பிலிருந்து சரியாக வரவில்லை, அது எதை நீட்டிக்கும்? கடைசியில் கேட்6 எனப்படும் நெட்வொர்க் கம்பியை இழுத்தேன். தேக்கு நிலையில் ஒரு துளைகூடப் போடக் கூடாது என்பது ஆத்தாவின் உத்தரவு. பழைய மின்கம்பிக்கு அடித்திருந்த மரப்பட்டை ஓரமாகவே உத்தரத்தை ஒட்டி 42 மீட்டர் கொண்டுபோனோம். கம்பியின் முனையில் வளவில் ஒரு வைஃபை பெட்டி, இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒன்று. எல்லாம் 9,000 ரூபாய்க்குள் முடிந்தது.

2023 மார்ச்சிலிருந்து இதுதான் ஓடுகிறது. இதிலும் சிக்கல்கள் வந்தன. போனில் 'வைஃபைக்கு முன்னுரிமை' என்று மாற்றாவிட்டால், உள்ளறையில் மங்கலாக ஒரு டவர் தென்பட்டதும் போன் அங்கே தாவி, பேச்சு நடுவில் விழும். சில ரவுட்டர்களின் பாதுகாப்பு அமைப்பு இந்த அழைப்பையே அடைத்துவிடும். ரவுட்டரில் இந்த அழைப்பு போகும் யுடிபி 500, 4500 ஆகிய இரண்டு வாசல்களும் (போர்ட்) திறந்திருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் படங்களையும் வீடியோக்களையும் மேலேற்றிக்கொண்டிருந்த இரவுகளில் ஆத்தாவின் குரல் மறுபடி உடைந்தது. மேலேற்றும் வேகத்தில் கொஞ்சம் ஒதுக்கிவைக்கும் அமைப்பை ரவுட்டரில் போட்டதும் நின்றது. மின்வெட்டுக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் வைத்திருக்கிறேன், நான்கு மணி நேரம் தாங்குகிறது.

சென்ற ஆவணியில் ஒரு வாரம் ஆச்சிக்கு மறுபடி எதுவும் கேட்கவில்லை. ரவுட்டர், கம்பி, அமைப்பு எல்லாவற்றையும் பார்த்தேன், பிடிபடவில்லை. கடைசியில் போனிலேயே குரலைப் பதிவுசெய்து கேட்டேன். பதிவே மங்கல். ஆத்தா போனைச் சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கோடு வைத்துக்கொள்வார். போனின் அடியில் இருக்கும் மைக் துளையில் சுண்ணாம்பு காய்ந்து அடைத்திருந்தது. மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்ததும் சரியாயிற்று. உங்கள் வீட்டில் ஒரு பக்கக் குரல் மட்டும் கெட்டால், ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் இந்தப் பதிவுச் சோதனையைச் செய்யுங்கள். பதிவு தெளிவாக இருந்தால் பிறகு சிக்னலைத் தேடலாம்.

ஆத்தா வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கு நடந்துகொண்டே பேசினால் ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் இரண்டு வினாடி இன்னும் மௌனமாகிறது. ஆச்சிக்கு அது பழகிவிட்டது. "இப்போது நிலைப்படியைத் தாண்டுகிறீர்களா, ஆத்தா?" என்று கேட்கிறார்.

பின்கட்டுக் கிணற்றடியில் மட்டும் எதுவும் எட்டவில்லை. தை பிறந்ததும் இன்னொரு 15 மீட்டர் கம்பி இழுக்க வேண்டும்.