பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எந்த எர்த்திங்: உப்பு–கரிக் குழியா, கெமிக்கலா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை எடுத்துக் கட்டும்போது ஒயரிங் பேச்சு வந்ததுமே எர்த்திங்குக்கு, அதாவது கசியும் கரண்டை மண்ணில் இறக்கும் ஏற்பாட்டுக்கு, எதைப் போடுவது என்ற கேள்வியும் வந்துவிடும். வருஷம் முழுக்க ஆள் குடியிருக்கும் வீடு என்றால் எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறக்கும் வீட்டுக்கு என் ஓட்டு கெமிக்கலுக்குத்தான், அதாவது ராடைச் சுற்றிப் பவுடர் நிரப்பும் முறைக்கு. உப்பு–கரிக் குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்பதே காரணம்.

உப்பு–கரிக் குழி எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் கை வந்த வேலை. 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), இரண்டரை மீட்டர் நீளம், உடம்பெல்லாம் 12 மில்லிமீட்டர் துளை. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிக் குழி. பைப்பைச் சுற்றி 15 சென்டிமீட்டர் அளவுக்கு மரக்கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றி அடுக்கு. மேலே வலை போட்ட புனல், செங்கல் தொட்டி, மூடி. சாமான் எல்லாம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும், செலவும் குறைவு.

மண்ணில் மின்சாரம் இறங்க ஈரம் வேண்டும், ஈரத்தில் கரைந்த உப்பு வேண்டும். கரி ஈரத்தைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். கோடையில் சில நாளுக்கு ஒரு முறை புனல் வழியாக மூன்று நான்கு வாளி ஊற்றினால்தான் குழி உயிரோடு இருக்கும். நம் பக்கத்துச் சரளையும் செம்புராங்கல்லும் தண்ணீரை நிறுத்தி வைக்கிற ஜாதி இல்லை. ஐப்பசி கார்த்திகை மழை உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும். மாசி பங்குனியில் குழி காய்ந்து போகும். வீடு திறப்பதோ பங்குனிக்கும் வைகாசிக்கும் நடுவில்தான். சீரியல் செட், கிரைண்டர், மோட்டார், வாடகை ஏர்கூலர் என்று எல்லாம் ஒரே நாளில் ஓடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் கழுவிவிட்டு வெறுங்காலோடு நிற்பார்கள். எர்த் மிக மோசமாக இருக்கும் மாதமும் அது மிகவும் தேவைப்படும் மாதமும் ஒன்றாகிவிடுகிறது. இது போக, உப்பு ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். மேலே கிளாம்ப் பளபளவென்று இருக்கும், உள்ளே பைப் துருவேறி இற்றிருக்கும்.

கெமிக்கலில் செம்புப் பூச்சுள்ள இரும்பு ராடு. 17.2 மில்லிமீட்டர் தடிமன், 3 மீட்டர் நீளம், 250 மைக்ரான் பூச்சு என்று கேட்டு வாங்குங்கள். தங்க நிறத்தில் மின்னுகிற எல்லாம் அந்தக் கனம் இருக்காது. 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஆகரில் (மண் துளைக்கும் கருவி) துளை போட்டு, ராடை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் பவுடரைக் கூழாகக் கரைத்து ஊற்ற வேண்டும். உலர்ந்த பவுடரைக் கொட்டி மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதோடு முடிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உள்ளே இடைவெளி நின்றுவிடும். பென்டோனைட் என்ற களிமண் மட்டும் உள்ள பவுடர் ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒரேயடியாகக் காய்ந்தால் சுருங்கி ராடை விட்டு விலகும். பூட்டிய வீட்டுக்குக் கிராஃபைட் கலந்த வகைதான் தோது, ஈரம் குறைந்தாலும் அதில் கரண்ட் ஓடும்.

'பராமரிப்பே வேண்டாம்' என்று விற்பவர் சொல்வதைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கெமிக்கலின் பலத்தில் பாதி அந்த 3 மீட்டர் ஆழம்தான், பவுடர் அல்ல. எர்த்தின் தடையை ஓமில் அளப்பார்கள், குறையக் குறைய நல்லது. '5 ஓமுக்குள் தருகிறேன்' என்பவரை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 100 ஓம்–மீட்டர் தடை உள்ள சுமாரான மண்ணில் 3 மீட்டர் ராடு தனியாக ஏறக்குறைய 33 ஓம்தான் தரும். 15 சென்டிமீட்டர் பவுடர் சுற்றினால் 22 ஓம். காய்ந்த சரளையின் தடை இதைப் போலப் பல மடங்கு.

பல்பு வைத்துப் பார்ப்பது எர்த்தைச் சோதித்ததாகாது. பேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பு போட்டால், எர்த் 60 ஓம் இருந்தாலும் பல்புக்கு 200 வோல்ட்டுக்கு மேல் கிடைத்து நன்றாகவே எரியும். லைன் அறுபடவில்லை என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லாது. எர்த் மெகர் (எர்த்தின் தடையை அளக்கும் மீட்டர்) வைத்து, சித்திரையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை அளப்பதுதான் முறை. சித்திரைக் கணக்கே உண்மைக் கணக்கு.

சரி, 22 ஓம் ஆபத்தில்லையா? கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாவிட்டால் ஆபத்துதான். கிரைண்டர் பாடியில் பேஸ் தொட்டுவிட்டது என்று வையுங்கள். டிரான்ஸ்பார்மர் பக்கம் 3 ஓம் என்று கொண்டால் ஓடும் கரண்ட் 230 வகுத்தல் 25, சுமார் 9 ஆம்பியர். அளவுக்கு மீறிய கரண்டுக்கு மட்டும் விழும் 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. பாடியில் 200 வோல்ட் அப்படியே நிற்கும். அதே இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அதனால் காசு ஒன்றுக்குத்தான் என்றால் குழியில் சிக்கனம் பிடியுங்கள், ஆர்சிசிபியில் வேண்டாம். ஓவர்லோடை அது பார்க்காது, எம்சிபியும் கூடவே இருக்க வேண்டும். வீட்டைத் திறந்ததும் முதல் வேலையாக ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

குழி எதுவானாலும், எர்த் ஒயர் சாக்கெட் வரை வராவிட்டால் பிரயோஜனம் இல்லை. பழைய தேக்குப் பட்டி ஒயரிங்கில் மூன்றாவது ஒயரே கிடையாது. சுண்ணாம்புப் பூச்சைக் கொத்த மனமில்லாமல், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயரை லூப் அடித்துவிடுகிறார்கள். டெஸ்ட் பல்பு எரியும், ஃபிரிட்ஜும் ஓடும். எங்காவது நியூட்ரல் அறுந்த நிமிஷம் ஃபிரிட்ஜ் கதவில் 230 வோல்ட். சுவரைக் கொத்தாமல் பட்டியின் ஓரமாகவே பிவிசி பைப்பில் பச்சை ஒயர் இழுக்கலாம், 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. மூணு பின் பிளக்கில் எர்த் பின் நீளமாக இருப்பது முதலில் தொட்டுக் கடைசியில் விடுவதற்கு. அதை ஒடித்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகினால் மொத்தச் செலவும் வீண்.

இது சரளை நிலத்துக்குச் சொன்ன கணக்கு. கண்மாய்க் கரைக் களிமண்ணில் வீடு, தினம் வந்து போகிற வீட்டுக்காவல் ஆள், இரண்டும் இருந்தால் உப்பு–கரிக் குழியே போதும். வளவில் (உள்முற்றம்) விழும் மழைத்தண்ணீர் வெளியேறும் பக்கம் அல்லது கிணற்றடி ஓரம் இடம் பாருங்கள். ஆர்ஓ கழிவுநீரையும் ஏசி சொட்டுத் தண்ணீரையும் அந்தப் புனலுக்குத் திருப்பிவிடலாம். இரண்டு ராடு போடுவதானால் நடுவில் 6 மீட்டர் இடைவெளி விடுங்கள். நெருக்கிப் போட்டால் இரண்டாவது ராடின் பலன் பாதிகூடக் கிடைக்காது. ஆளில்லாத வீட்டில் சிசிடிவிக்கும் இன்வெர்டருக்கும் தனி ஆர்சிசிபி வையுங்கள். மழையில் தோட்டத்து லைட் ஒன்று கசிந்ததற்காக வீடு முழுக்க அணைந்து கிடந்தால், போட்டுவிட அங்கே யாரும் இல்லை.