வீட்டில் ஸ்பானிஷ்: டப்பிங் கார்ட்டூனா, படமில்லாத பாட்டும் கதையுமா?

பிள்ளைகளுக்கு வீட்டில் ஸ்பானிஷ் பழக்க எது நல்ல வழி என்ற போட்டியில் எங்கள் வீட்டில் ஜெயித்தது ஸ்பானிஷ் பாட்டும் கதையும்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்ட்டூனை ஸ்பானிஷ் டப்பிங்கில் போடுவதற்கு இரண்டாம் இடம். ஸ்பானிஷ் டிவி சேனல் தூரத்தில் மூன்றாவது. மொழி ஆப்கள் எங்கள் வீட்டுப் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. ஆகவே இது நடுநிலையான அலசல் என்று எண்ணிப் படிக்க வேண்டாம்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கம். இந்த மாநிலத்தில் நான்கில் ஒருவருக்கு மேல் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். காய்கறிக் கடை, பூங்கா, பள்ளி வாசல் என்று எங்கே நின்றாலும் காதில் விழும். ஆங்கிலத்தோடு ஸ்பானிஷிலும் பாடம் நடத்தும் இருமொழி வகுப்புகள் பல அரசுப் பள்ளிகளில் உண்டு. பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் காதாவது பழகட்டும் என்றுதான் ஆரம்பித்தோம். எனக்கு ஸ்பானிஷ் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத் தெரியும். என் கணவருக்கு அதுவும் கிடையாது. அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி என்று பிரித்துக்கொண்டு பேசும் முறையெல்லாம் ஸ்பானிஷுக்கு எங்களால் ஆகாது. எங்கள் வாய் தமிழுக்கு. ஸ்பானிஷ் ஸ்பீக்கரிலிருந்தோ திரையிலிருந்தோதான் வந்தாக வேண்டும்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஸ்பானிஷுக்கான நேரத்தை எங்கிருந்து எடுப்பது? தமிழ் நேரத்திலிருந்து எடுத்தால் நம் கையாலேயே தமிழைக் குறைத்த மாதிரி ஆகிவிடும். பள்ளி, சிநேகிதர்கள், கார்ட்டூன், விளம்பரம் எல்லாம் ஆங்கிலம்தான். அதில் ஒரு பங்கை வெட்டி ஸ்பானிஷுக்குக் கொடுத்தால் ஆங்கிலம் ஒன்றும் இளைத்துவிடாது. பாட்டும் கார்ட்டூனும் ஏற்கனவே ஆங்கிலத்தின் கையில் இருந்தவை என்பதால் கணக்கு சுலபமாகப் போயிற்று.

செலவைப் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. கட்டணம் கட்டிப் பார்க்கும் செயலியில் ஸ்பானிஷ் ஒலி கூடவே வருகிறது. பொது நூலக அட்டை இருந்தால் லிபி, ஹூப்ளா என்ற நூலகச் செயலிகள் வழியாக ஸ்பானிஷ் ஒலிப்புத்தகங்கள் இலவசம். திரை நேரத்தைப் பற்றியும் எல்லாருக்கும் தெரியும்: இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. படமில்லாத ஒலி அந்தக் கணக்கில் சேராது. பாட்டுக்கு அதிலேயே ஒரு மதிப்பெண் கூடுதல்தான், ஆனால் அதற்காக நான் பாட்டின் பக்கம் சாயவில்லை.

டப்பிங் கார்ட்டூனுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். வீட்டில் புழங்கும் பேச்சு அதில்தான் இருக்கிறது. செருப்பைப் போடு, இப்போது என் முறை, அவன்தான் முதலில் தள்ளினான், பசிக்கிறது, வா போகலாம் என்று பிள்ளைகள் வாயில் வரும் வாக்கியங்கள் அத்தனையும் கதாபாத்திரங்கள் பேசுகின்றன. வினைச்சொற்கள் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுவது பாட்டில் அவ்வளவாக வராது, உரையாடலில் கொட்டிக் கிடக்கும். போதாததற்கு, ஆங்கிலத்தில் பார்த்துப் பழகிய அத்தியாயம் என்றால் கதை முன்பே தெரியும். பேச்சு புரியாவிட்டாலும் நடப்பது புரிந்துவிடும்.

சில விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் இரண்டு ஸ்பானிஷ் இருந்தால் ஒன்று லத்தீன் அமெரிக்கா, மற்றது ஸ்பெயின். உச்சரிப்பும் 'நீங்கள்' என்று பலரை அழைக்கும் சொல்லும் வேறு வேறு. டெக்சாஸில் இருப்பவர்களுக்கு முதலாவதுதான் வெளியில் காதில் விழும். பெரிய பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சப்டைட்டிலும் சேர்த்துப் போடலாமே என்று தோன்றும். டப்பிங்கும் சப்டைட்டிலும் பெரும்பாலும் தனித்தனியாக மொழிபெயர்க்கப்படுபவை, வாயில் ஒன்று வரும், எழுத்தில் வேறொன்று ஓடும். இன்னொன்று, ஸ்பானிஷ் என்றதும் எல்லாரும் கைகாட்டுவது டோராவை. அமெரிக்காவில் அது ஆங்கிலத்தில் ஓடி நடுநடுவே ஸ்பானிஷ் சொற்களைக் கற்றுக்கொடுக்கும் தொடர். அதையே லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷுக்கு மாற்றிப் போட்டால் டோரா ஸ்பானிஷில் பேசிக்கொண்டே ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொடுப்பாள். நாம் எதை விரட்டப் பார்க்கிறோமோ அதையே பாடம் நடத்துவாள்!

சரி, இப்போது ரிமோட் விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை மொத்தப் போட்டியும் அதில்தான் முடிந்தது.

டப்பிங் கார்ட்டூனில் ஆங்கிலம் எப்போதும் ஒரு பொத்தான் தூரத்தில் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. நான்கு வயதில் சந்தேகம் வரும். ஐந்து வயதில் ஒலி மாற்றும் இடம் எங்கே இருக்கிறது என்று நமக்கே காட்டிக்கொடுக்கும். அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பேரம். "ஒண்ணே ஒண்ணு மட்டும் இங்கிலீஷ்ல, அம்மா." நாம் சமையலில் இருப்போம், அல்லது வேலை முடிந்து தலைவலியோடு வந்திருப்போம். அன்றைக்குப் பிள்ளை ஜெயிக்கும். அது தப்பென்றும் சொல்ல மாட்டேன், பெற்றவர்களும் மனிதர்கள்தானே. ஆனால் ஒரு மொழியைப் பிடித்து நிறுத்தும் வேலை தினமும் நம் தலையில் விழுகிறது என்றால், அந்த ஏற்பாடு நம் தெம்பு உள்ளவரைதான் ஓடும்.

இதில் ஒரு முடிச்சும் இருக்கிறது. தெரிந்த கதை என்பதால்தான் டப்பிங் எளிது. அதே காரணத்தால்தான் அது தோற்கிறது. அந்தப் பன்றிக்குட்டியோ நாய்க்குட்டியோ எந்தக் குரலில் பேசும் என்று பிள்ளைக்கு ஏற்கனவே மனதில் பதிந்திருக்கிறது. ஸ்பானிஷ் குரல் கேட்டதும் இது போலி என்று முகத்தைச் சுளிக்கும். தனி ப்ரொஃபைல் உண்டாக்கி, அதன் மொழியை ஸ்பானிஷ் என்று வைத்தால் தொடர் தானாகவே ஸ்பானிஷில் திறக்கும் என்பார்கள். திறக்கத்தான் செய்யும். பக்கத்து ப்ரொஃபைலில் ஆங்கிலம் இருக்கும் என்பதும் பிள்ளைக்குத் தெரியும்.

பாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்பானிஷிலேயே பிறந்த பாட்டை ஆங்கிலத்தில் போடு என்று எந்தப் பிள்ளையும் கேட்காது, ஏனென்றால் அப்படி ஒன்று அதன் காதில் விழுந்ததே இல்லை. பசுவுக்குத் தலையும் வாலும் உண்டு என்று பாடும் அந்த லோலா பசுவின் பாட்டுக்கு ஆங்கில வடிவம் யாராவது செய்திருக்கலாம். எங்கள் வீட்டில் அது வந்து சேரவில்லை. அது ஸ்பானிஷ் பசு. அவ்வளவுதான், சண்டை முடிந்தது. பிடிக்காவிட்டால் "வேற பாட்டு" என்று கேட்பார்கள். வேற பாட்டும் ஸ்பானிஷ்தான்.

பாட்டுக்கும் கதைக்கும் பஞ்சமே இல்லை. ஸ்பானிஷ் உலகத்தில் குழந்தைப் பாட்டு தனியொரு மரபு. மெக்சிகோவில் பிரான்சிஸ்கோ கபிலோண்டோ சோலேர் என்பவர் 1934-இல் எக்ஸ்இடபிள்யூ வானொலியில் பாட ஆரம்பித்தார், க்ரி-க்ரி என்ற பாட்டுக்காரச் சிள்வண்டாக. அவர் எழுதியவை இருநூறு பாடல்களுக்கு மேல். படமில்லாத காலத்தில், வெறும் காதை நம்பி எழுதப்பட்டவை. யார் வருகிறார், எங்கே போகிறார், என்ன ஆகிறது என்று குட்டிக் கதையாகவே விரியும், நடுவில் வாத்தும் எலியும் பேசும். இங்கே டேகேரில் வேலை பார்க்கும் மெக்சிகோக்காரப் பெண்மணிக்கும் அவை தெரியும், அவருடைய அம்மாவுக்கும் தெரியும். அர்ஜென்டினாவில் மரியா எலேனா வால்ஷ் இதே மாதிரி. ஒரு பாட்டைப் பிள்ளை முணுமுணுத்தால் ஸ்பானிஷ் பேசும் பெரியவர் யாராவது அடுத்த வரியை எடுத்துப் பாடுகிறார் என்பது டப்பிங் கார்ட்டூனில் கிடைக்காத பலன்.

வேகமும் பாட்டுக்குச் சாதகம். 2011-இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் சில மொழிகளை வாசிக்கவைத்து அளந்ததில் ஸ்பானிஷ் நொடிக்கு ஏறக்குறைய 7.8 அசை, ஆங்கிலம் 6.2. ஜப்பானியம் மட்டும்தான் ஸ்பானிஷை ஒரு நூலிழை முந்தியது. டப்பிங்கிலும் கதாபாத்திரங்கள் சட்சட்டென்று பேசித் தள்ளுகிறார்கள். பாட்டில் மெட்டு அந்த வேகத்தைக் கட்டிப் போடுகிறது, உயிரெழுத்து நீளுகிறது, அதே அடி திரும்பத் திரும்ப வருகிறது. நம் வாய்க்கும் ஸ்பானிஷ் அவ்வளவு அந்நியம் இல்லை. ஞ நம்மிடம் உண்டு, ர-வும் நாக்கு துடிக்கும் ற-வும் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்ல.

பராமரிப்பு என்று பார்த்தாலும் பாட்டுக்கு ஆள் நிற்க வேண்டியதில்லை. காலையில் தலை பின்னும்போது, காரில், குளிக்கும்போது, துணி மடிக்கும்போது ஓடும். பழைய போன் ஒன்றில் பிளேலிஸ்ட் போட்டு ஒரு புளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்து வைத்தால் முடிந்தது. யோட்டோ போன்ற அட்டை செருகும் பெட்டி வாங்கினால் வெற்று அட்டையில் நாமே பாட்டையும் கதையையும் ஏற்றிக் கொடுக்கலாம். பிள்ளை தானே எடுத்துச் செருகும், நம்மைக் கூப்பிடாது. பெரியவர்களும் கூடப் பாடலாம் என்பது இன்னொரு வசதி. மதுரையிலிருந்து வந்து தங்கிய என் அம்மா, ஒன்று முதல் பத்து வரை ஸ்பானிஷில் எண்ணப் பழகியது வெண்டைக்காய் நறுக்கும்போது கேட்ட பாட்டில்தான். பேத்தியோடு சேர்ந்து எண்ணுவார். ஆறுக்கும் ஏழுக்கும் தகராறு வரும், தீர்ப்பு பேத்தியுடையது.

பாட்டின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். சொற்களஞ்சியம் தோட்டத்தையும் பண்ணையையும் விட்டு வெளியே வர அடம்பிடிக்கும். குதிரை, வாத்து, முயல், தவளை எல்லாம் மளமளவென்று வரும், "என் புத்தகத்தைக் கொடு" வராது. கதைகள் இந்தக் குறையில் பாதியைத்தான் தீர்க்கும். மீதிக்கு டப்பிங் வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை இன்னும் பெரியது. அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிஷியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்கு, ஒன்பது மாத வயதில், 12 அமர்வுகள் மாண்டரின் கேட்க வைத்தார்கள். நேரில் ஒருவர் உட்கார்ந்து விளையாடிப் பேசிய குழுவுக்கு மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியும் திறன் வந்தது. அதே பேச்சை வீடியோவில் பார்த்தவர்களுக்கும், ஒலியாக மட்டும் கேட்டவர்களுக்கும் வரவில்லை. கைக்குழந்தைகள் மேல் நடந்த சோதனை, நான்கைந்து வயதுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஸ்பீக்கர் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன். என் மகள் ஸ்பானிஷில் வாய் திறந்தது டேகேரில் அந்தப் பெண்மணியிடம்தான். பாட்டு முன்பே காதில் இருந்ததால் சீக்கிரம் திறந்தாளா, அவர் இல்லாமலும் திறந்திருப்பாளா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எங்களுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் அமைந்தன.

டிவி சேனல்களை ஏன் மூன்றாவதாக வைத்தேன்? யூனிவிஷனும் டெலிமுண்டோவும் ஆன்டெனா வைத்தாலே வரும், ஆனால் செய்தியும் நெடுந்தொடரும் சிறு பிள்ளைக்கு உதவாது. கால்பந்து மட்டும் விதிவிலக்கு. உலகக் கோப்பையை டெலிமுண்டோவில் போட்டுவிட்டால் எட்டு வயது மகன் ஆங்கில வர்ணனையைக் கேட்பதே இல்லை. கோல் விழுந்ததும் வர்ணனையாளர் ஆந்த்ரேஸ் கந்தோர் மூச்சு முட்ட இழுக்கும் இழுப்பு வேறெங்கே கிடைக்கும்? ஆனால் உலகக் கோப்பை நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ஆப்களைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது, கொஞ்ச நாள் பார்த்ததோடு சரி. படத்தைத் தொட்டால் மணி அடிக்கிறது, பிள்ளை மணிக்காகத் தொடுகிறது என்று தோன்றியது. பத்து வயதுக்கு மேல் போன பிள்ளைகளுக்குப் பண்ணைப் பாட்டு எடுபடுமா என்பதும் எனக்குத் தெரியாத எல்லை. அவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் ஸ்பானிஷ் பாப் பாடல்கள் வேலை செய்யக்கூடும்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி: வார நாளில் பாட்டும் கதையும், சனி ஞாயிறில் மட்டும் டப்பிங். அந்த டப்பிங்குக்கும் ஒரு விதி வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் ஏற்கனவே பார்த்த தொடர் கூடாது, புதுத் தொடராக இருக்க வேண்டும், முதல் அத்தியாயத்திலிருந்தே ஸ்பானிஷில்தான். கதை கொஞ்சம் மெதுவாகத்தான் புரியும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய குரல் இல்லாததால் யாரும் ரிமோட்டைத் தேடுவதில்லை. ஸ்பெயினில் 2005-இல் தொடங்கிய போகோயோவை இதற்குத்தான் எடுத்தோம். ஏழு நிமிட அத்தியாயம், வெள்ளைப் பின்னணி, பேச்சு குறைவு, கதை சொல்லும் குரல் ஒன்று நிதானமாக வந்துகொண்டிருக்கும். ஸ்பெயின் உச்சரிப்பாயிற்றே என்று முதலில் யோசித்தோம். பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.