ஐ.டி.ஐ. ஃபிட்டர் + அப்ரண்டிஸ்: ஐந்துக்கு மூன்றரை

பத்தாவது முடித்த பையனை எதில் சேர்க்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு. அண்ணன் மகன் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் (இயந்திர பாகங்களை ராவிப் பொருத்தும் தொழில்) இரண்டு வருடம், அப்புறம் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருட அப்ரண்டிஸ் (வேலை பார்த்தபடியே பயிற்சி) என்று முடித்து வந்திருக்கிறான். படிப்புக்கு முழு மார்க், வெட்டியதெல்லாம் அப்ரண்டிஸுக்குத்தான்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. ஆரம்பத்தில் அரம், அரம், அரம்தான். வைஸில் இரும்புத் துண்டை இறுக்கி நாள் முழுக்க ராவணும், ராவியதன் மேல் ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டம்) வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் வெளிச்சம் கசியும், கை ஆடி நடுவில் மேடு தட்டியிருக்கும், "போ, மறுபடி ராவு" என்பார் வாத்தியார். பாதிப் பையன்கள் வெறுத்துப்போவது இங்கேதான். கம்ப்யூட்டரே வெட்டும் சி.என்.சி. மெஷின் வந்த காலத்தில் இது எதற்கு என்று அவனும் புலம்பினான், இப்போது பொருந்தாத பாகத்தைக் கையில் எடுத்ததுமே எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிடுகிறான்.

அப்ரண்டிஸ் கதை வேறு. 1961 சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், அதனால் இடம் கிடைப்பது பெரிய விஷயமில்லை. இவன் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) வருடத்தில் பாதிக்கு மேல் ஒரே லைனில் போல்ட் முடுக்க விட்டார்கள், செக்‌ஷன் மாற்றிக் கேட்டால் "ஆள் இல்லப்பா, அடுத்த மாசம் பார்க்கலாம்". குறைந்த சம்பளத்துக்கு ஒரு ஆள், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) அப்ரண்டிஸ் அறிவிப்பையும் கவனியுங்கள். ஐ.டி.ஐ. படிக்காதவர்களையும் ஃப்ரெஷராக எடுக்கிறார்கள், பத்தாவது மார்க்கை வைத்துத்தான் தேர்வு. முடித்தால் ரயில்வே வேலை நிச்சயம் என்று புரோக்கர் எவனாவது சொன்னால் விரட்டிவிடுங்கள். லெவல் 1 (கடைநிலை) பணியிடங்களில் ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை, நேரடி வேலை கிடையாது.

எங்கே சேர்ந்தாலும் ஒப்பந்தம் அரசு அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா என்று முதல் வாரமே பார்த்துவிடுங்கள், பதிவு இல்லாவிட்டால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வராது. எந்தெந்த செக்‌ஷனில் எத்தனை மாதம் என்று கேளுங்கள். எச்.ஆர். சொல்வதோடு விடாமல், ஷிப்ட் முடிந்து கேட்டில் வரும் பழைய அப்ரண்டிஸ் பையன்களிடமும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.