மீன் குழம்பா, தயிர்ச் சோறா, சாஸா: பூனைத் தட்டுக்கு எது ஆகும்?

பூனைக்கு மீன் குழம்புச் சோறு பிசைந்து வைக்கும் வீடுகளில் எல்லோரும் யோசிப்பது காரத்தைப் பற்றித்தான். மிளகாய் வயிற்றைக் கலக்கும், வாந்தி வரும். பெரும்பாலும் அதோடு சரி. பயப்பட வேண்டியது வதக்கிப் போட்ட சின்ன வெங்காயத்துக்கும் பூண்டுக்கும். அவற்றின் கேடு அன்றைக்கே தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே பூனையின் ரத்தத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். 4 கிலோ பூனைக்கு அது 20 கிராம். ஒரு லிட்டர் குழம்பில் 150 கிராம் சின்ன வெங்காயமும் 25 கிராம் பூண்டும் இருந்தால், 100 மில்லி கரண்டி ஒன்றில் 15 கிராம் வெங்காயம், இரண்டரை கிராம் பூண்டு. பூண்டின் நச்சு வெங்காயத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு. ஆக, ஒரே கரண்டியில் எல்லை தாண்டிவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போட்டாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகும்.

காரணம் பூனையின் ரத்தத்திலேயே இருக்கிறது. எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் கந்தகத் தொகுதிகள் பூனையின் ஹீமோகுளோபினில் 8. நாய்க்கு 4, மனிதருக்கு 2. வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் அங்கே தாக்கியதும் ஹீமோகுளோபின் கட்டிதட்டி, சிவப்பணு உடைகிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்த நச்சு போகாது. வெங்காய, பூண்டுப் பொடியில் தண்ணீர் இல்லாததால் செறிவு இன்னும் கூடுதல். (பாராசிட்டமால் மாத்திரையும் இதே ரத்தத்தைத்தான் கெடுக்கிறது. பூனைக்குக் காய்ச்சல் என்று கால் மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது.)

குழம்பு மீனைக் கழுவிக் கொடுக்கலாமே என்பார்கள். மேலே ஒட்டிய மசாலா போகும், உள்ளே ஊறிய சாறு போகாது. மீன் அரியும்போதே ஒரு துண்டைத் தனியே எடுத்து, உப்பில்லாத தண்ணீரில் வேகவைத்து, முள் நீக்கி வைப்பதுதான் சரி. பச்சையாக வேண்டாம்: மத்தி போன்ற பல மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு, வெந்தால் அது செயலிழக்கும். பச்சை மீனையே பல வாரம் தின்ற பூனைக்குத் தலை கவிழ்ந்து தொங்கும், வலிப்பு வரும்.

தயிர்ச் சோற்றுக்கு வருவோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. கிண்ணம் பால் வைத்தால் கழிச்சல். தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு என்பதால் ஒரு தேக்கரண்டி பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். குழம்புச் சோற்றைவிட இது மேல்தான், தாளிப்பில் வெங்காயம் விழாத வரை. ஆனால் இதையே அன்றாட உணவாக்கினால், பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து கிடைக்காது. டாரின் குறைந்தால் பார்வை மங்கும், இதயத் தசை விரிந்து பலவீனமாகும். இறைச்சியிலும் மீனிலும் அது உண்டு, சோற்றில் இல்லை.

பாட்டில் சாஸ்களில் எது தேவலாம் என்று கேட்டால், எதுவும் இல்லை. தக்காளி கெட்சப்பில் தக்காளி பிரச்சினையே அல்ல, கூடச் சேரும் வெங்காய, பூண்டுப் பொடிகள்தான். அதன் இனிப்பும் வீண். பூனை நாக்குக்கு இனிப்புச் சுவையே தெரியாது. சோயா சாஸ் ஒரு தேக்கரண்டியில் சுமார் 300 மில்லிகிராம் சோடியம். 4 கிலோ பூனைக்கு நாள் முழுக்கத் தேவைப்படுவது சுமார் 42 தான். மயோனைஸில் முக்கால் பங்கு எண்ணெய். சாதா மயோனைஸை விரலில் ஒட்டியதளவு நக்கினால் பாதகமில்லை, கரண்டிக்கணக்கில் போனால் வாந்தி. பச்சை முட்டையில் செய்வதற்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது மனிதர்களை நினைத்துத்தான். ஷவர்மாவோடு வரும் பூண்டு மயோனைஸோ பூனைக்கு நேரடி நஞ்சு.

இத்தனைக்கும் எதிரே நிற்பது தோல், எலும்பு நீக்கி வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி. பூனை உணவுக்கு மேல் கொசுறாக நாளுக்கு 15 கிராம், கிட்டத்தட்ட 25 கலோரி, போதும். கூடினால் வழக்கமான தீனியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

வெங்காயக் குழம்பு உள்ளே போய்விட்டால், உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே தனி நஞ்சாகிவிடும். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு, பூனையின் எடை என்ன என்று குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஈறு வெளுப்பது, மூச்சு வாங்குவது, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது எல்லாம் சில நாள் கழித்தே தெரியலாம். அதனால் முதல் நாள் பூனை துள்ளி விளையாடுவதைப் பார்த்து விட்டுவிடக் கூடாது.