திருப்பூரில் வேலை தேட லிங்க்ட்இன் உதவுமா? பயன்படுத்திப் பார்த்த ஒரு மெர்ச்சன்டைசரின் ரிவியூ

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். மெர்ச்சன்டைசிங் (வெளிநாட்டு வாடிக்கையாளரான பையரின் ஆர்டரை சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்ளும் வேலை), குவாலிட்டி, எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன், டிசைன், அக்கவுன்ட்ஸ் என்று ஆபீஸ் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளம் கட்டாயம் வேண்டும். காசு கட்டாத கணக்கே போதும். ஆனால் வேலை விளம்பரத்துக்குக் கீழே இருக்கும் அப்ளை பட்டனை மட்டும் அழுத்திவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. டெய்லர், செக்கிங், நிட்டிங் ஃபிட்டர், டையிங் யூனிட் ஆட்களுக்கு இது இன்னும் எட்டவில்லை. கம்பெனி காம்பவுண்டு சுவரில் "ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை" என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸும் அதிலிருக்கும் செல் நம்பரும்தான் இன்றைக்கும் அவர்களுக்கு வேலை வாங்கித் தருகிறது. திருப்பூரில் உழைக்கிறவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான் என்பதால் இதை ஒரு பெரிய குறையாகவே சொல்லுவேன்.

எனக்கு ஊர் பல்லடம் பக்கம். வேலையெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில்தான், குழந்தைகள் உடுப்பு. கடைசியாக இருந்த கம்பெனி முழுக்க முழுக்க அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்தது. 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு அங்கே கூடுதல் வரி 50 சதவீதம் ஆனதும் பையர் புது ஆர்டரை நிறுத்திவைத்தார், சாம்பிள் செக்‌ஷனில் ஒவ்வொரு மெஷினாக உறை போட ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் வேலை மாற வேண்டும் என்றால் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதுதான் வழக்கம். மாமா, பழைய மேனேஜர், நூல் சப்ளை பண்ணும் அண்ணா, லேபிள் கொண்டுவரும் தம்பி, யாராவது ஒருவர் வழியாக நடந்துவிடும். அந்தச் சமயத்தில் எனக்குத் தெரிந்த எல்லோருமே அதே அமெரிக்க ஆர்டரைப் பார்த்தவர்கள், அவர்களுமே வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். ஆள் தேவைப்பட்டது ஐரோப்பிய ஆர்டர், இங்கிலாந்து ஆர்டர் பார்க்கிற இடங்களில். அங்கே எனக்கு ஒருத்தரையும் தெரியாது. லிங்க்ட்இன் எனக்கு உதவியது சரியாக அந்த இடத்தில்தான்.

இது எப்படி ஓடுகிறது என்று ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் புரொஃபைலை எப்படி எழுதுவது என்பது பிடிபடும். 2003இல் ஆரம்பித்த தளம், 2016இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. ஆள் தேடுகிற கம்பெனிகளும் கன்சல்டன்சிகளும் இதற்கென்று தனிச் சந்தா கட்டி, நம் புரொஃபைல்களை வார்த்தை போட்டுத் தேடுகிறார்கள். ஒரு எச்.ஆர். "மெர்ச்சன்டைசர், நிட்ஸ், கிட்ஸ்வேர், திருப்பூர்" என்று தட்டினால் (நிட்ஸ் என்றால் பின்னலாடை, கிட்ஸ்வேர் என்றால் குழந்தைகள் உடுப்பு) அந்த வார்த்தைகள் யார் புரொஃபைலில் இருக்கிறதோ அவர்கள் பெயர் வரும். இல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வரமாட்டார்.

அதனால் பெயருக்குக் கீழே இருக்கும் ஹெட்லைன்தான் முக்கியம். 220 எழுத்து வரை இடம் தருகிறார்கள். என் பக்கத்து சீட்டில் இருந்த தம்பி அங்கே "சவாலான வாய்ப்பைத் தேடும் கடின உழைப்பாளி" என்று இங்கிலீஷில் போட்டிருந்தான். கடின உழைப்பாளி என்று எந்த எச்.ஆரும் தேடப்போவதில்லை. ஒரு டீ டைமில் உட்கார்ந்து மாற்றினோம்: "மெர்ச்சன்டைசர், நிட்ஸ், கிட்ஸ்வேர், ஐரோப்பிய பையர்கள், லேப் டிப் முதல் ஷிப்மென்ட் வரை, காட்ஸ் ஆர்கானிக் புரோகிராம், திருப்பூர்." லேப் டிப் என்றால் சாயம் போடுவதற்கு முன் பார்க்கும் கலர் மாதிரி, காட்ஸ் என்றால் ஆர்கானிக் துணிக்கான சான்றிதழ். ஒவ்வொன்றும் அவன் தினமும் பார்க்கிற வேலை. அப்புறம் ஒவ்வொரு கம்பெனி பெயருக்குக் கீழேயும், "பையருடன் தொடர்புகொண்டேன்" என்று பொதுவாக இருந்ததை எடுத்துவிட்டு, என்ன துணி (சிங்கிள் ஜெர்சியா, ரிப்பா, இன்டர்லாக்கா, ஃப்ளீஸா), என்ன ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை), மாதம் எத்தனை ஸ்டைல், காஸ்டிங் தானே போட்டானா, பி.பி. சாம்பிள் (தயாரிப்பு தொடங்கும் முன் பையர் பார்க்கும் சாம்பிள்) அப்ரூவல் யார் வாங்கியது, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஏ.க்யூ.எல். (எவ்வளவு பழுது வரை ஏற்கலாம் என்ற தர அளவு) 2.5இல் பாஸ் பண்ணியதா என்று எழுதவைத்தேன். கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியில் டிசைன் பார்க்கிறவர்களுக்கும், கரூர் ஹோம் டெக்ஸ்டைல் ஆட்களுக்கும் இதே கணக்குதான், அவரவர் தொழில் வார்த்தையைப் போட வேண்டும். வேலை தெரிந்தவர் படித்தால் இந்த ஆள் டேபிளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று இரண்டு வரியில் தெரிய வேண்டும்.

இதில் எங்கள் தொழிலுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பையர் பெயரைப் போடலாமா? ஓனர்களுக்குப் பிடிக்காது. ஆர்டரைப் பக்கத்துக் கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவானோ என்ற பயம் அவர்களுக்கு, அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ரகசியம் காப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். "ஜெர்மன் கிட்ஸ்வேர் பிராண்ட்", "இங்கிலாந்து சூப்பர்மார்க்கெட் பையர்" என்று போட்டால் போதும், விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும். இன்னும் கடைக்கே வராத சீசனோட ஸ்டைலைப் போட்டோ எடுத்து "எங்கள் புதிய படைப்பு" என்று போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், வேலை தேடப் போய் இருக்கிற வேலைக்கு ஆபத்து.

அடுத்தது அந்தப் பச்சை வளையம். "ஓப்பன் டு வொர்க்" என்று போட்டோவைச் சுற்றி வரும். வேலையை விட்டுவிட்டுத் தேடுகிறவர்கள் தாராளமாகப் போடலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவர்கள் திருப்பூர் மாதிரி ஊரில் அதைப் போட்டால் சாயந்திரத்துக்குள் எம்.டி. காதுக்குப் போய்விடும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டு என்று இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். அது, சந்தா கட்டி ரெக்ரூட்டர் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நம் சொந்தக் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாமல் லிங்க்ட்இன்காரர்கள் மறைக்கப் பார்க்கிறார்கள், ஆனால் முழு உத்தரவாதம் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். எங்கள் ஊர் நடுத்தரக் கம்பெனிகளில் எச்.ஆர். பார்க்கிறவர் பெரும்பாலும் சாதாரண இலவசக் கணக்குதான் வைத்திருப்பார், அதனால் அந்த வழி பெரிய பையிங் ஆபீஸுக்கும் (வெளிநாட்டு பையர்களுக்காக இங்கே ஆர்டர் பார்க்கும் இடம்) கன்சல்டன்சிக்கும்தான் எட்டும், நேதாஜி அப்பேரல் பார்க்கில் இருக்கும் ஒரு கம்பெனி எச்.ஆருக்கு எட்டாமல் போகலாம். புரொஃபைலைத் திருத்துவதற்கு முன்னால், மாற்றங்களை நெட்வொர்க்குக்கு அறிவிக்கும் செட்டிங்கை அணைத்துவிடுங்கள்.

ஈஸி அப்ளை. ஒரே தட்டில் ரெஸ்யூம் போய்விடும், அதுதான் அதன் கெடுதலும். நமக்குச் சுலபம் என்றால் நாட்டில் எல்லோருக்கும் சுலபம். நல்ல விளம்பரம் வந்த அன்றைக்கே நூறு பேருக்கு மேல் அப்ளை பண்ணியிருப்பதாகக் காட்டும், அதில் துணி என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் இருப்பார்கள். எனக்கு அந்த வழியில் வந்த பதில்கள் மிகக் குறைவு. வந்ததிலும் பாதி, தகுதி பார்க்காமல் சம்பளம் மட்டும் கேட்டுவிட்டுப் போன கன்சல்டன்சிகள்.

பலன் கொடுத்தது நேராக ஆளுக்கு எழுதியதுதான். விளம்பரத்தைப் பார்த்ததும் அந்தக் கம்பெனி பக்கத்துக்குப் போய், அதே டிபார்ட்மென்டில் யார் வேலை பார்க்கிறார்கள் என்று பாருங்கள். எச்.ஆரைவிட சீனியர் மெர்ச்சன்டைசரோ மெர்ச்சன்டைசிங் மேனேஜரோ நல்லது, ஆள் பற்றாக்குறையின் வலி அவர்களுக்குத்தானே தெரியும். இணைப்புக் கோரிக்கையோடு ஒரு குறிப்பு அனுப்பலாம், இலவசக் கணக்கில் 200 எழுத்துதான், மாதத்துக்குச் சில பேருக்குத்தான் குறிப்போடு அனுப்ப முடியும், அதனால் ஆளைப் பார்த்து அனுப்ப வேண்டும். இங்கிலீஷில் நான் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: "வணக்கம் சார். திருப்பூரில் கிட்ஸ்வேர் மெர்ச்சன்டைசர், காட்ஸ் ஆர்கானிக் புரோகிராம் பார்த்த அனுபவம் உண்டு. உங்கள் டீம் வேலைக்கு ரெஸ்யூமை யாருக்கு அனுப்பலாம்?" வேலை கொடுங்கள் என்று கேட்கவில்லை. யாருக்கு அனுப்புவது என்று கேட்டால் பதில் சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும், சொல்லிவிடுவார்.

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் கோயம்புத்தூரில் ஒரு பையிங் ஆபீஸில் மேனேஜர். மறுநாள் போனிலேயே வந்தார். "ஏனுங்க மேடம், நீங்க முன்ன இருந்த கம்பெனிக்கு டையிங் எங்கீங்க கொடுத்தீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். யூனிட் பெயரைச் சொன்னேன். அவருக்கு அந்த யூனிட் ஓனரைத் தெரியும், அன்றைக்கே என்னைப் பற்றி விசாரித்துவிட்டார். ஆக, கடைசியில் இங்கேயும் தெரிந்தவர் வாய்ச்சொல்தான் முடிவு செய்தது. ஆனால் அந்த மேனேஜர் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது புரொஃபைல், வேறு எந்த வழியிலும் நான் அவரிடம் போயிருக்க முடியாது. இப்போது அங்கேதான் இருக்கிறேன்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம், குழந்தை, மாமியார் உடம்பு என்று நடுவில் வேலையை விட்டவர்கள் எங்கள் பக்கம் எத்தனை பேர்! நானும் குழந்தைக்காக வீட்டில் இருந்தவள்தான். அந்த இடைவெளியை மறைக்க வருஷங்களை இழுத்து நீட்டிப் போடச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் உண்டு, கேட்காதீர்கள், பி.எஃப். கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். 2022இலிருந்து லிங்க்ட்இன் "கரியர் பிரேக்" என்று தனியாகவே ஒரு இடம் கொடுத்திருக்கிறது, குழந்தை வளர்ப்பு, குடும்பத்தாரைப் பார்த்துக்கொண்டது என்று காரணமும் தேர்ந்தெடுக்கலாம். நான் உள்ளதை உள்ளபடி போட்டேன். அந்த மேனேஜர் அதைப் பற்றி ஒரு கேள்விகூட கேட்கவில்லை, திரும்ப வந்தபின் பார்த்த ஸ்டைல்களைப் பற்றித்தான் கேட்டார். இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

படிப்பு முடித்து வருகிறவர்கள், அது பி.எஸ்.ஜி.யோ குமரகுருவோ நிஃப்ட் டீயோ, உங்கள் கல்லூரியின் பக்கத்தில் "அலம்னை" என்ற பகுதியைப் பாருங்கள். சீனியர்கள் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். முன்பின் தெரியாத மேனேஜரைவிட, அதே ஹாஸ்டல் சாப்பாட்டைச் சாப்பிட்ட அண்ணா சீக்கிரம் பதில் போடுவார்.

பிரீமியம் சந்தா வேண்டாம் என்பது என் கருத்து. நம் புரொஃபைலை யார் பார்த்தார்கள் என்ற முழுப் பட்டியல், முன்பின் தெரியாதவருக்கும் மெசேஜ் அனுப்பும் வசதி, இவை கிடைக்கும். திருப்பூர் வேலைக்கு அது தேவைப்படாது. பெங்களூரு, குருகிராம், வெளிநாடு என்று பெரிய பையிங் ஆபீஸ்களுக்குக் குறி வைத்தவர்கள் இலவச மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம், முடிவதற்குள் ரத்து செய்ய மறந்தால் கார்டிலிருந்து பணம் போய்விடும். ஃபீடில் வரும் தன்னம்பிக்கைக் கதைகளை வேலை தேடும் மனநிலையில் தினமும் படித்தால் சோர்வுதான் வரும். நான் ஜாப்ஸ் பகுதிக்கு மட்டும் போவேன். "மெர்ச்சன்டைசர்" என்று அலர்ட் வைக்கும்போது திருப்பூர், கோயம்புத்தூர் இரண்டுக்கும் வையுங்கள், ஆபீஸ் இருக்கிற ஊரின் பெயரில் விளம்பரம் வந்து, வேலை திருப்பூரில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஜோர்டான், பங்களாதேஷ் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசர் வேலை, தங்குமிடம் இலவசம் என்று ஒரு கன்சல்டன்சி பெயரில் எனக்கு மெசேஜ் வந்தது. அந்த நாடுகளில் நம் ஆட்கள் வேலை பார்ப்பது நிஜம்தான், அதனால் நம்பும்படியாகவே இருந்தது. இரண்டாவது மெசேஜில் ரெஜிஸ்ட்ரேஷன் பணம் கேட்டார்கள், அதோடு விட்டுவிட்டேன். வேலைக்கு நம்மிடம் முன்பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் பிளாக் செய்துவிட்டு லிங்க்ட்இனில் ரிப்போர்ட் பண்ணுங்கள், கேட்டவர் புரொஃபைலில் வெரிஃபைடு குறி இருந்தாலும் சரி.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஆபீஸ் வேலைக்காரர்களுக்கு மட்டும் என்றால் நாலு. எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டால், தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு ஆட்கள் கம்பெனி மாறுவார்கள், காலியான சீட்டுக்கு எச்.ஆர்.கள் தேட ஆரம்பிப்பார்கள். அதற்குள் ஹெட்லைனைத் திருத்தி, பழைய மேனேஜரிடம் ஒரு ரெகமண்டேஷன் எழுதி வாங்கி வைத்துவிடுங்கள். அவர்கள் எழுதித் தர இழுத்தடிப்பார்கள், அதற்கே ஒரு மாதம் ஆகும்.