சேலத்தில் எடைக்குறைப்பு ஆபரேஷன்: பிந்தைய கவனிப்பு எப்படி?
சேலத்தில் எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்யும் ஒரு மருத்துவமனையைப் பற்றியது இது. இங்கே ஸ்லீவ், பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு போகும்படி இணைப்பது) இரண்டும் உண்டு. ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பதால் நெஞ்செரிச்சல் கூடலாம்; அதனால் முதலிலேயே எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பார்த்துவிடுவது நல்ல வழக்கம்.

உணவு ஆலோசகர்தான் இங்கே பெரிய பலம். முதல் 2 வாரம் திரவம், பிறகு மசித்தது. தினம் 60 கிராம் புரதமாவது வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் தள்ளியே குடிக்க வேண்டும். மோர், முட்டை வெள்ளை, மசித்த பருப்பு என்று நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே பட்டியல் தருகிறார்கள்.

குறையும் உண்டு. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் அழுத்திச் சொல்லவில்லை. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. 2 மணி நேர இடைவெளி அவசியம். வாந்தி விடாமல் வந்தால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பே பாதிக்கப்படும். ஏற்காட்டுக்காரர்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணுமே என்று மருத்துவமனைக்கு வருவதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.