சிலிண்டரா, பைப் கேஸா?

சென்னையில் எங்கள் அடுக்ககத்துக்கு பைப் கேஸ் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பாதி வீடுகளில் இன்னும் சிலிண்டர்தான். லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் எது தேவலை என்று கேட்கிறார்கள். நான் பைப் கேஸ் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலை மாறிக்கொண்டே இருக்கும். 14.2 கிலோ சிலிண்டரின் வெப்பம் சுமார் 18 கன மீட்டர் பைப் கேஸுக்குச் சமம். அன்றைய கன மீட்டர் விலையை 18ஆல் பெருக்கிப் பாருங்கள், விடை தெரிந்துவிடும். கசிந்தால், சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். பைப்பில் வருவது மீத்தேன், மேலே ஏறும். ஜன்னல் திறந்திருந்தால் சீக்கிரம் வெளியேறிவிடும்.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது வேறு விஷயம்: இருப்பு யார் தலையில் என்பது. சிலிண்டர் காலத்தில் அம்மா ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டுக் காத்திருப்பார். எந்த உயரம் வரை ஈரம் காயாமல் நிற்கிறதோ, அதுவரை கேஸ் இருக்கிறது என்று கணக்கு. இரண்டாவது சிலிண்டர் இல்லாத வீட்டில் இது வாராவாரம் நடக்கும் பூஜை.

பைப் கேஸில் அந்த இருப்பு குழாய்க்குள்ளேயே இருக்கிறது. கப்பலில் வரும் எரிவாயுவை இறக்கும் எண்ணூர் முனையம் 2019இல் தொடங்கியது. மைனஸ் 162 டிகிரியில் திரவமாகக் கப்பலில் வருவதை அங்கே மறுபடி வாயுவாக்கி எஃகுக் குழாயில் ஏற்றுகிறார்கள். இப்படிப்பட்ட பெரிய குழாய்களில் அழுத்தம் 90 பார் வரைகூடப் போகும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரைதான். அழுத்தம் கேஸைத் தள்ளுவதோடு நிற்பதில்லை, அதை நெருக்கி அடைக்கவும் செய்கிறது. சாதாரண அழுத்தத்தில் ஐம்பது கன மீட்டருக்கு மேலேயே இடம் பிடிக்கும் கேஸ், 50 பாரில் ஒரு கன மீட்டர் இடத்துக்குள் அடங்கும். காலை ஏழு மணிக்கு ஊரே இட்லி ஊற்றினாலும் தீ குறையாததற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம். ஊர் எல்லையில் அழுத்தத்தைக் குறைத்து, வாசனை மருந்து கலந்து அனுப்புகிறார்கள். தெருவில் பிளாஸ்டிக் குழாயில் சுமார் 4 பார். அடுப்படிக்கு வரும்போது 21 மில்லிபார், அதாவது ஒரு பாரில் ஐம்பதில் ஒரு பங்கு.

அதனால்தான் பைப் கேஸுக்கு மாறும்போது அடுப்பில் ஜெட்டை, அதாவது கேஸ் வெளிவரும் சின்னத் துளையுள்ள பாகத்தை, மாற்ற வேண்டியிருக்கிறது. சிலிண்டர் ரெகுலேட்டர் கொடுப்பது சுமார் 30 மில்லிபார். போதாததற்கு மீத்தேனில் கன அளவுக்கு வெப்பமும் குறைவு. ஃபிட்டர் தம்பி பழைய ஜெட்டையும் புதியதையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். புதியதில் துளை கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தது. வீடு மாறி மறுபடி சிலிண்டருக்குப் போனால் அதைத் திரும்ப மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தீ எகிறும். வாடகை வீட்டுக்காரர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்குக் குழாய் என்றாலே பயம். 2014 ஜூனில் ஆந்திராவில் நகரம் என்ற கிராமத்தில் பெரிய குழாய் வெடித்து இருபது பேருக்கு மேல் இறந்ததை அவர் மறக்கவில்லை. அங்கே கேஸோடு நீரும் போய் எஃகை உள்ளிருந்து அரித்திருந்தது. எங்கள் தெருக் குழாய் பிளாஸ்டிக், அதில் துரு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

குறையும் உண்டு. போன மழைக்காலத்தில் தெருவில் யாரோ ஜேசிபி வைத்துத் தோண்டிக் குழாயைக் கிழித்துவிட்டார்கள், அரை நாள் அடுப்பு எரியவில்லை. அன்றைக்கு இண்டக்‌ஷன்தான் காப்பாற்றியது. மீட்டரும் ரெகுலேட்டரும் பத்து வருடத்துக்குப் பிறகு எப்படியிருக்கும் என்று சொல்ல ஒன்றரை வருட அனுபவம் போதாது.

சிலிண்டரை ஒப்படைத்து டெபாசிட்டை வாங்கிவிட்டோம். அது நின்ற இடத்தில் டைல்ஸில் வட்டமாகத் துருக்கறை இருக்கிறது, எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.